ஒத்தைப் பூஜ்யம் காப்பாத்தின நாடு

கேசினோக்காரன் திருட்டுத்தனம் பண்ணித்தான் சம்பாதிக்கிறான்னு நம்மள்ல பல பேருக்கு நெனைப்பு. சக்கரத்துக்கு அடியில காந்தம், தூணுக்குப் பின்னாடி கையாள்... எல்லாம் சினிமா பார்த்துக் கெட்ட புத்தி :) அவனுக்கு அந்த வேலையே தேவையில்லைங்க. மொனாக்கோ கதையைக் கேளுங்க.

1848-ல மெந்தோன், ரோக்புரூன்னு ரெண்டு ஊர், வரி தாங்காம மொனாக்கோவை விட்டுப் பிரிஞ்சு போச்சு. நாட்டோட பெரும்பகுதி நிலமே அதுதான். 1861-ல மன்னர் மூன்றாம் சார்லஸ் அந்த ஊர்களை 40 லட்சம் ஃபிராங்குக்கு பிரான்சுக்கு எழுதிக் கொடுத்துட்டார். மிச்சம் ஒரு பாறையும் கொஞ்சம் கடற்கரையும். அங்கே ஆரம்பிச்சிருந்த கேசினோவும் சரியா போணியாகலை. 1863-ல அது ஃபிரான்சுவா பிளாங்க் கைக்கு வந்தது.

பிளாங்க் லேசுப்பட்ட ஆளில்லை. ரூலெட் சக்கரத்துல ரெண்டு பூஜ்யம் இருந்த காலத்துல, 1843-லயே ஜெர்மனியின் ஹோம்பர்க்ல ஒரு பூஜ்யத்தைத் தூக்கிட்டவர்.

அதுல என்ன இருக்குங்கறீங்களா? கணக்கு சின்னது. 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம், ஆக 37 குழி. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஃபிராங்க் வைங்க. பந்து எதுல விழுந்தாலும் உங்க கைக்கு வர்றது 36. மிச்சம் ஒண்ணு கடைக்கு. நூத்துக்கு 2.7. ரெண்டு பூஜ்யம்னா 5.26. ஏறக்குறைய பாதி லாபத்தை விட்டுக்கொடுத்துக் கூட்டத்தைப் பிடிச்சார் மனுஷன். ஒருத்தர் ஒரு ராத்திரி ஜெயிக்கலாம். ஆயிரக்கணக்கான பேர் வருஷம் பூரா ஆடினா, கணக்கு அந்த 2.7 பக்கத்துலதான் வந்து நிக்கும்.

1868-ல ரயில் வந்தது, கூட்டம் குவிஞ்சுது. 1869-ல மொனாக்கோ குடிமக்களுக்கு நேரடி வரியே ரத்து! வரி போட்டு ஊரை இழந்த வம்சம், வரி வாங்காமலே நாட்டை நடத்த ஆரம்பிச்சுது.

அந்தப் பணம் யாரோடது? 1913 ஆகஸ்ட் 18-ஐப் பாருங்க. மாண்டே கார்லோவில கறுப்பு வரிசையா 26 தடவை விழுந்தது. 'இனிமே சிவப்பு வந்தே ஆகணும்'னு ஜனங்க கொண்டுபோய்க் கொட்டினாங்க. பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு தடவையும் சிவப்புக்கு 37-ல 18 வாய்ப்புதான். கொட்டினதெல்லாம் கேசினோவுக்கு.

கடைசியா ஒண்ணு. மொனாக்கோ குடிமக்கள் அந்தக் கேசினோவுல ஆடக்கூடாதுன்னு சட்டம். இன்னைக்கும் இருக்கு. சொந்த வீட்டு ஆளுங்களுக்குப் பரிமாறாத சாப்பாட்டை நமக்கு மட்டும் இலை போட்டுக் கூப்பிடறாங்கன்னா, உட்காருறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டாமா?