வைத்தியசாலையும் அங்கவீனரின் தொழில் உரிமையும்

கொள்ளுப்பிட்டிச் சந்தியிலிருந்து தர்மபால மாவத்தை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வோர், லிப்டன் சுற்றுவட்டத்தை அடைந்ததும் பழைய கண் வைத்தியசாலையின் செந்நிறக் கட்டடத்தைக் காண்பர். அதற்கு அணித்தாகவே 1864-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கொழும்புப் பொது வைத்தியசாலை, இன்று தேசிய வைத்தியசாலை என்னும் பெயருடன் விளங்குகின்றது. பார்வை இழந்தோரும் கால் இழந்தோரும் நோயாளராக இவ்வாயில்களுட் புகுவதற்கு எக்காலத்தும் தடை இருந்ததில்லை. ஆனால் அவர்கள் ஊழியராகவும் உள்ளே வரலாமா என்னும் வினா மிகப் பிந்தியே எழுந்தது. அவ்வினாவின் வரலாறு அறியத்தக்கது.

மேலைநாடுகளில் இவ்வினாவைப் பலர் காதில் விழச் செய்தது முதலாவது உலகப் போராகும். பத்திரிகை அதிபராயிருந்து பின்னர்ப் பார்வையை இழந்த ஆர்தர் பியர்சன் என்பவர், 1915-இல் இலண்டன் மாநகரிலே செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் நிலையத்தை நிறுவினார். போரிற் கண்ணிழந்த வீரர்களுக்கு அங்குப் பல தொழில்கள் பயிற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று உடற்பிடிப்புச் சிகிச்சை. நோயாளியின் தசையையும் மூட்டையும் தொட்டறியும் அவ்வேலைக்குக் கண்ணிலும் கையே முதன்மையானது. பயின்று தேறியோர் வைத்தியசாலைகளில் அமர்ந்து, தம்மைப் போலவே காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை புரிந்தனர். இரக்கத்தினாலன்றித் திறமையினாலேயே அவர்கள் அவ்விடத்தைப் பெற்றனர் என்பது கருதற்பாலது.

இரண்டாம் போரின் இறுதிக் காலத்தில், 1944-இல், பிரித்தானியா இதனைச் சட்டமாக்கியது. இருபதும் அதற்கு மேலும் ஊழியரை உடைய தொழில் நிலையங்கள், நூற்றுக்கு மூவர் என்னும் அளவில் பதிவுபெற்ற அங்கவீனரை அமர்த்த வேண்டும் என்பது விதி. அதே சட்டத்தின் கீழ் மின்தூக்கி இயக்குதலும் மோட்டார் வண்டித் தரிப்பிடம் காத்தலும் அங்கவீனருக்கென ஒதுக்கப்பட்டன. ஒரு கையால் இடம் கொடுத்த சட்டம், மறு கையால் அவ்விடம் எத்தகையது என்பதையும் குறித்துவிட்டது.

அங்கவீனர் ஒருவர் வைத்தியசாலையில் எவ்வளவு உயரலாம் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தினால் இரு கால்களும் செயலிழந்தார். சத்திரசிகிச்சை நிபுணராகும் அவருடைய எண்ணம் அத்துடன் முடிந்தது என்றே பலரும் கருதியிருப்பர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் டாக்டர் ஹவார்டு ரஸ்க் நடத்திய நிலையத்திற் பயின்று திரும்பி, வேலூரிலே புனர்வாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-இல் அங்குப் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. மாறியது மருத்துவரின் திறமையன்று. வேலையை ஒழுங்கு செய்த முறையே.

இலங்கையிலே கல்வியின் கதவு முன்னதாகவே திறந்தது. மேரி சப்மன் அம்மையார் 1912-இல் தொடங்கிய, செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கான பாடசாலை இரத்மலானையில் இன்றும் நடைபெறுகின்றது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை உள்ளது. கற்றுத் தேறியோர் அடுத்து எங்குச் செல்வது என்பதற்கு அரசின் தெளிவான விடை 1988 ஆகஸ்டு 18-ஆம் நாளிற்றான் வந்தது. அன்று வெளியான பொது நிருவாகச் சுற்றுநிருபம் 27/88, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை அங்கவீனருக்கு ஒதுக்கியது. அரசாங்க வைத்தியசாலைகளும் இதனுள் அடங்கும்.

எனினும் அச்சுற்றுநிருபம் இரு நிபந்தனைகளை விதித்தது: விண்ணப்பிப்போர் உரிய தகைமை உடையவராதல் வேண்டும், அவருடைய குறைபாடு கடமைக்கு இடையூறாகாதிருத்தல் வேண்டும். முதலாவது நியாயமானது. இரண்டாவதிலேதான் இடர்ப்பாடு உள்ளது. இடையூறு எது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? வைத்தியசாலை வேலை ஒன்றன்று. தொலைபேசிக்கும் நோயாளர் பதிவேட்டுக்கும், ஆய்வுகூடத்துக்கும் மருந்தகத்துக்கும் வெவ்வேறு திறமைகள் வேண்டும். பார்வையில்லாதவர் தொலைபேசி இணைப்பைத் திறம்பட நடத்துவார். செவிப்புலனற்றவர் பதிவேடுகளைப் பிழையின்றிக் காப்பார். மருந்தகத்தின் மேசை சற்றுத் தாழ்வாயின், சக்கர நாற்காலியில் இருப்பவரும் மருந்து வழங்குவார். அங்கே இடையூறு காலில் இல்லை, மேசையிலேதான் உள்ளது.

1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணமாகக் காட்டி எவரையும் தொழிலுக்குச் சேர்ப்பதிற் பாகுபாடு செய்தலாகாது எனத் தன் 23-ஆம் பிரிவில் விதித்தது. பாதிக்கப்பட்டோர் மேல் நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும் நூற்றுக்கு மூன்று என்னும் ஒதுக்கீடு இச்சட்டத்தினுள் இடம்பெறவில்லை. மேலும், தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே முழுதாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற இயலாதவர் என்றே அச்சட்டம் அங்கவீனருக்கு இலக்கணம் வகுத்தது. இயலாதவர் என்று முதலிற் பெயரிட்டுப் பின் தொழிலுக்கு வருக என்று அழைப்பது முரணன்றோ?

கட்டடங்களைப் பற்றிய விதிகள் 2006-இல் ஆக்கப்பட்டன. விபத்தினாற் சக்கர நாற்காலியை நாடிய அஜித் பெரேரா என்பவர் தொடுத்த வழக்கில், பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011-இல் கட்டளையிட்டது. நோயாளருக்கென அமைக்கும் சாய்தளம் ஊழியருக்கும் பயன்படும் என்பதால், இது தொழில் உரிமைக்கும் துணையாயிற்று. 2016-இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை ஏற்றது. தகுந்த வசதி செய்து கொடுப்பது தொழில் வழங்குவோரின் கடமை என்பது அவ்வுடன்படிக்கையின் கருத்து.

2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 8.7 பேர் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது இடர்ப்படுவோர். இவர்கள் யாவரும் வைத்தியசாலையை நாடி வருவோரே. தம்மைப் போன்ற ஒருவர் அங்கே பதிவு மேசையிலும் மருந்தகத்திலும் கடமையாற்றுவதைக் காணும் நோயாளி, மருந்தோடு நம்பிக்கையும் பெற்றுச் செல்வார். சுற்றுநிருபமும் சட்டமும் வழி காட்டியுள்ளன. ஒவ்வொரு வெற்றிடத்தையும் நிரப்பும்போது, இவ்வேலைக்கு உண்மையில் வேண்டிய திறமை யாது என்று முன்கூட்டியே ஆராய்ந்து எழுதிவைப்பதே இனிச் செய்ய வேண்டியது. அவ்வாறு செய்தால், அங்கவீனர் என்ற பெயரைக் கேட்ட அளவிலே விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கு இடமிராது.