இரத்தக்கறை நீக்கல்

இரத்தக்கறை நீக்கல் என்பது ஆடை, படுக்கைவிரிப்பு, தலையணையுறை, மெத்தை ஆகியவற்றில் படிந்த இரத்தத்தைத் துணி கெடாமல் அகற்றும் சலவை முறை. காயம், மூக்கில் இரத்தம் வடிதல், மாதவிடாய், மகப்பேறு, மூட்டைப்பூச்சிக்கடி ஆகியவை வீடுகளில் இக்கறைக்கு வழக்கமான காரணங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குப் பழகிய கை முதலில் வெந்நீரைத் தேடும். இரத்தத்துக்கு அது நேர் எதிரான வழி. போகவே போகாது என்று கைவிடப்படும் கறைகள் பல, துவைக்கும்போது காட்டிய சூட்டினால் நிலைத்துப்போனவை.

கறையின் இயல்பு

இரத்தத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 55 விழுக்காடு பிளாஸ்மா. மீதியில் பெரும்பங்கு சிவப்பணுக்கள். பிளாஸ்மாவில் ஆல்புமின், ஃபைப்ரினோஜன் முதலிய புரதங்களும், சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற இரும்புள்ள புரதமும் உள்ளன. இரத்தம் சிந்திய சில நிமிடங்களில் ஃபைப்ரினோஜன் நுண்ணிழைகளாக மாறித் துணியின் நூல்களுக்கிடையே வலைபோல் பின்னிக்கொள்கிறது. காயக் காய ஹீமோகுளோபினின் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. சிவப்பு பழுப்பாவது இதனால்தான்.

புரதங்கள் சூட்டில் இறுகுபவை. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால், முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதுபோல இரத்தப் புரதமும் நூலோடு நூலாக இறுகி, நீரில் கரையாத நிலைக்குப் போய்விடும். இஸ்திரிப்பெட்டியும், துணி உலர்த்தும் இயந்திரமும், சலவை இயந்திரத்தின் வெந்நீர்ச் சுற்றும் இதையே செய்கின்றன. ஆக, இக்கறையில் புரதம், நிறம், இரும்பு என்று மூன்று சிக்கல்கள் உள்ளன. அவற்றை இதே வரிசையில் தீர்ப்பதே முறை. நிறம் கண்ணை உறுத்துகிறதே என்று எடுத்த எடுப்பில் வெளுப்பானை ஊற்றுவது வரிசையைக் குலைப்பதாகும்.

தண்ணீர்

ஈரமான கறைக்குப் பெரும்பாலும் தண்ணீரே போதும். துணியைப் புறம் திருப்பி, கறையின் பின்பக்கத்தில் குழாய் நீரை விழவிட்டால் இரத்தம் வந்த வழியே வெளியேறும். முன்பக்கம் தேய்த்தால் உள்ளேதான் போகும். சித்திரை, வைகாசி நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும். அந்நேரத்தில் பானைத் தண்ணீரோ கிணற்று நீரோ நல்லது. காய்ந்த கறையைக் குளிர்ந்த நீரில், சிறிது உப்புச் சேர்த்து, சில மணி நேரம் ஊறவைத்து, நீர் சிவக்கச் சிவக்க மாற்ற வேண்டும். நீரில் நிறம் இறங்குவது நின்ற பிறகே சோப்புக்கு வேலை.

கைத்தையல் செய்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊசி குத்தித் துணியில் இரத்தம் பட்டால் அவரவர் எச்சிலைத் தொட்டுத் துடைப்பார்கள். தன் இரத்தத்தைத் தன் எச்சில் கரைக்கும் என்பது நம்பிக்கை. எச்சிலில் உள்ள முதன்மையான நொதி மாவுப்பொருளைச் செரிப்பது. புரதச் செரிமானம் இரைப்பையில்தான் தொடங்குகிறது. துளி காய்வதற்குள் ஈரம் பட்டுவிடுவதே அங்கு உதவுகிறது. யாருடைய எச்சில் என்பது பொருட்டல்ல.

நொதிகள்

புரதத்தை வெட்டும் நொதியைச் சலவைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைத் துணி வெளுக்கப் பயன்படுத்தும் முறைக்கு 1913இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்றைய சலவைத்தூள்களில் உள்ளவை பாசில்லஸ் வகை நுண்ணுயிரிகள் தரும் நொதிகள், காரத்தைத் தாங்குபவை. இவை வெதுவெதுப்பான நீரில், 30 முதல் 40 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். எனவே முதலில் குளிர்நீரில் அலசல், பிறகு வெதுநீரில் நொதித்தூள் ஊறல் என்பதே சரியான அடுக்கு. அரை மணி நேரமாவது ஊற வேண்டும். பழைய கறை என்றால் இரவு முழுவதும். குளோரின் வெளுப்பானை உடன் சேர்த்தால் நொதி செத்துவிடும்.

வெளுப்பு

எஞ்சிய நிறத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. இரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதால் பட்டவுடன் பொங்கும். இந்திய மருந்துக்கடைகளில் கிடைக்கும் ‘20 வால்யூம்’ கரைசல் ஏறத்தாழ 6 விழுக்காடு; சம அளவு நீர் கலந்தால் 3 விழுக்காடாகும், துணிக்கு அது போதும். வெள்ளைப் பருத்திக்கு அச்சமின்றிப் பயன்படுத்தலாம். சாயத் துணிக்கு உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே. குளோரின் வெளுப்பானைக் கழிப்பறை அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியாவோடு கலந்தால் குளோரமைன் வாயுவும் கிளம்பும். இரண்டும் நுரையீரலுக்குக் கேடு. எல்லாம் முடிந்தும் மங்கலான துருநிறம் தங்கினால் அது இரும்பு. எலுமிச்சைச் சாறு அதைப் போக்க உதவும்.

மஞ்சள் கலந்தால்

காயத்தில் மஞ்சள்தூள் அப்பும் வீடுகளில் இரண்டு கறைகள் சேர்ந்து வரும். மஞ்சள், சோப்பின் காரம் பட்டவுடன் செம்பழுப்பாக மாறும். இரத்தம் மறுபடி கிளம்பிவிட்டதென்று எண்ணி வெந்நீர் ஊற்றுவோர் உண்டு. இரத்தத்தைக் குளிர்நீரில் முழுக்க எடுத்துவிட்டுத் துணியை வெயிலில் போட்டால் மஞ்சளின் நிறம் ஒளிபட்டுத் தானே வெளிறும்.

பட்டு, மெத்தை

பட்டும் கம்பளியும் புரத இழைகள். இரத்தத்தைத் தின்னும் நொதி சேலையையும் தின்னும். சரிகைக்கு உப்பு ஆகாது. குளிர்ந்த நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுப்பதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யாமலிருப்பது நல்லது. உலர்சலவையில் பயன்படும் கரைப்பான்கள் இரத்தத்தைக் கரைப்பதில்லை. ஆகவே இன்ன கறை என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் இஸ்திரியில் அது நிலைத்துவிடும்.

மெத்தையை நனைக்கக் கூடாது. இலவம்பஞ்சு கட்டிதட்டும், நுரைமெத்தையின் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சமையல் சோடாவைக் குளிர்நீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிட்டு, ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். கறை போன பிறகே வெயில்.

தொழிலும் சாதியும்

தமிழகச் சிற்றூர்களில் மாதவிடாய், மகப்பேறு, சாவு ஆகியவற்றின் துணிகளை வெளுப்பது வண்ணார் மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வெளுத்த புதிரை வண்ணார் அவர்களினும் கீழாக நடத்தப்பட்டனர். உவர்மண்ணின் காரத்தில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைப்பது வண்ணார் கைக்கொண்ட முறை. புரதக் கறையை இளக்குவதில் காரத்துக்குப் பங்குண்டு என்பதை வேதியியல் பின்னாளில் விளக்கியது. அந்த அறிவைப் பயன்படுத்திக்கொண்ட ஊர், அதை அறிவென்று மதிக்கவில்லை.

பாதுகாப்பு

பிறர் இரத்தம் பட்ட துணியைக் கையுறையோடு தொட வேண்டும்; ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கக்கூடியது. மருத்துவமனைச் சலவையில் கறையைவிடக் கிருமியே முதன்மை. 71 டிகிரிக்குக் குறையாத நீரில் 25 நிமிடம் என்பது வெந்நீர்ச் சலவைக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறும் அளவு.

வன்முறைக்கு, குறிப்பாகப் பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் ஆடையிலுள்ள கறையை நீக்கவே கூடாது; அது சான்று. துணியைத் துவைக்காமல், ஈரமிருந்தால் நிழலில் காயவைத்து, காகித உறையில் இட்டுக் காவல்துறையிடமோ மருத்துவரிடமோ தர வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டு நுண்ணுயிரிகள் பெருகும், மரபணுத் தடயம் சிதையும்.