அலைக்குப் பிறகு: பக்கத்துல உட்கார்ந்தவங்களோட வரலாறு

வீராம்பட்டினம்னு சொன்னா வரலாறு படிச்சவங்களுக்கு அரிக்கமேடு ஞாபகம் வரும். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செஞ்சார். ஊர்க்காரங்களைக் கேட்டா செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரைச் சொல்வாங்க. நான் இன்னைக்குப் பேசப்போறது அந்தக் கரையோட இன்னொரு வரலாறு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி புதுச்சேரி மீனவக் கிராமங்களுக்குள்ள புகுந்தது. இந்த ஒன்றியப் பகுதியில் உயிர்ச்சேதம் காரைக்கால்லதான் அதிகம். ஆனா படகும் வலையும் வீடும் போனது எல்லாக் கரையிலும்தான். அரிசி வந்தது, துணி வந்தது, புதுப் படகும் வந்தது. மனசுக்கு என்ன வந்தது?

நம்ம ஊர்ல யாரும் “எனக்கு மனச்சோர்வு”ன்னு சொல்றதில்லை. “நெஞ்சு பாரமா இருக்கு”, “தூக்கமே வரல”, “எதுலயும் பிடிப்பில்ல”, இப்படித்தான் சொல்வாங்க. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த வார்த்தையும் வராது. ஒவ்வொரு கரைக்கும் அனுப்ப அத்தனை மனநல மருத்துவர்களும் நம்ம நாட்டில் இல்லை. அதனால பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், ஊர்ல வேலை செய்யற சாதாரண ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தது. எப்படிக் கேட்கணும், யாரை மருத்துவர்கிட்ட அனுப்பணும், இதுதான் பாடம்.

இந்த யோசனைக்கு ஒரு முன்கதை உண்டு. 1953-ல் லண்டன்ல சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோட வர்றவங்களுக்காக ஒரு சேவை தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவங்களுக்குத் தன்னார்வலர்கள் டீ கொடுத்துப் பேசிக்கிட்டிருந்தாங்க. பலருக்கு அந்தப் பேச்சே போதுமா இருந்தது. அவரைப் பார்க்காமலே கிளம்பிட்டாங்க. சமாரிட்டன்ஸ் அமைப்பு பிறந்தது அப்படித்தான். அதே வழியில் 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ‘சினேகா’வைத் தொடங்கினார்.

சுனாமிக்குப் பிறகு உறவுகளை இழந்தவங்களை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தேடிப் போய்ச் சந்திச்சாங்க. அறிவுரை கிடையாது, “எல்லாம் விதி”ங்கிற ஆறுதலும் கிடையாது. உட்கார்ந்து கேட்டாங்க, திரும்பவும் வந்தாங்க. அந்த முயற்சியைப் பத்தி லட்சுமி விஜயகுமாரும் இன்னொரு ஆய்வாளரும் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. இப்படி ஆள் போய் வந்த இடத்துல, போகாத இடத்தைவிட மனச்சோர்வு குறைஞ்சிருந்தது.

இது புதுச்சேரிக்கு ரொம்ப முக்கியம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட தற்கொலை விகிதப் பட்டியலில் பல வருஷம் முன்வரிசையில் இருந்த ஊர் இது. முன்னெல்லாம் முயற்சி செஞ்சு பிழைச்சவங்க போலீஸ் வழக்குக்குப் பயந்து வாயே திறக்கமாட்டாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அவங்க கடும் மன அழுத்தத்தில் இருந்ததாத்தான் கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. 2022-ல் ‘டெலி மானஸ்’ வந்தது. 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம்.

கேட்கிறது மருந்துக்கு மாற்று இல்லை. தூக்கம் வாரக்கணக்கா போயிடுச்சு, சாகணும்னு தோணுதுன்னா மருத்துவரைப் பார்த்தே ஆகணும். ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு. ஆனா அந்த வாசல் வரைக்கும் கூடவே வர ஒரு ஆள் வேணும். சுனாமிக்கு அப்புறம் அந்த ஆள் பெரும்பாலும் டாக்டர் இல்லை, பக்கத்துத் தெருக்காரங்க. உங்க தெருவில் யாராவது கொஞ்ச நாளா வெளிய வரலைன்னா, கதவைத் தட்டுங்க. “சாப்டியா?”ன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் உட்காருங்க.