சாப்பாடு எப்படி சக்தியாகிறது? ‘கொழுப்பை எரிக்கும்’ டிஎன்பி ஏன் உயிரைப் பறிக்கிறது?

காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் கிளம்புகிறோம். மதியம் வரை நடக்கிறோம், யோசிக்கிறோம், மீட்டிங்கில் பேசுகிறோம். இதற்கான சக்தி இட்லியிலிருந்து எப்படி வருகிறது? இது புரிந்தால், எடையைக் குறைக்கும் என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் டிஎன்பி என்ற ரசாயனம் ஏன் ஆளைக் கொல்கிறது என்பதும் புரியும்.

ஏடிபி என்றால் என்ன?

இட்லியில் உள்ள மாவுச்சத்து செரிமானத்தில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. ஆனால் செல்லின் பெரும்பாலான வேலைகளுக்கு குளுக்கோஸ் நேரடியாக உதவாது. அதிலுள்ள ஆற்றல் ஏடிபி என்ற சிறிய மூலக்கூறுக்கு மாற வேண்டும். குளுக்கோஸ் 500 ரூபாய் நோட்டு என்றால், ஏடிபி பஸ்ஸில் கொடுக்கும் சில்லறை. தசை சுருங்குவதற்கும் நரம்பு வேலை செய்வதற்கும் இந்தச் சில்லறைதான் வேண்டும்.

1929-ல் ஜெர்மனியின் கார்ல் லோமன் ஏடிபியைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க், எல்லாப்பிரகட சுப்பாராவ் இருவரும் தனியாகக் கண்டறிந்தனர். சுப்பாராவ் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இது எங்கே தயாராகிறது?

முதல் கட்டம் செல்லின் திரவப் பகுதியில் நடக்கிறது. ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆனால் நிகரமாகக் கிடைப்பது 2 ஏடிபி மட்டுமே.

பெரிய வரவு மைட்டோகாண்ட்ரியாவில்தான். அங்கே பைருவேட் மேலும் உடைந்து, அதிலுள்ள கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகிறது. நாம் வெளியே விடும் மூச்சில் போவது இதுதான். இதில் வரும் கிரெப்ஸ் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-ல் விளக்கினார்.

இப்படி உடையும்போது எடுக்கப்படும் எலக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகின்றன. அந்த ஆற்றலில் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, அணையில் தண்ணீர் போலத் தேங்குகின்றன. அவை திரும்பி வரும் வழியில் ஒரு புரதம் டர்பைன் மாதிரி சுழன்று ஏடிபியைத் தயாரிக்கிறது. கடைசியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். அது தண்ணீராக மாறுகிறது. நாம் மூச்சு விடுவதே இதற்காகத்தான்.

மொத்தத்தில் ஒரு குளுக்கோஸுக்கு சுமார் 30 ஏடிபி கிடைக்கும். இந்த ‘அணை’ விளக்கத்தை 1961-ல் முன்வைத்த பீட்டர் மிட்செலுக்கு 1978-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ டிஎன்பி என்ன செய்கிறது?

அணையில் ஓட்டை போடுகிறது. புரோட்டான்கள் டர்பைன் வழியாக வராமல், டிஎன்பியோடு சேர்ந்து சவ்வைக் கடந்துவிடுகின்றன. உணவும் கொழுப்பும் எரிகின்றன, ஏடிபி மட்டும் உருவாவதில்லை. ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. ஏடிபி போதவில்லை என்று செல் இன்னும் வேகமாக எரிக்கிறது. எடை குறைவது உண்மைதான். கூடவே உடல் வெப்பமும் கட்டுப்பாடில்லாமல் ஏறுகிறது.

வெடிபொருள், சாயத் தொழிலில் பயன்பட்ட இந்த ரசாயனம், 1933-க்குப் பிறகு அமெரிக்காவில் எடை குறைப்பு மருந்தாக விற்கப்பட்டது. பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் இறந்தனர். 1938-ல் அந்த விற்பனைக்கு முடிவு கட்டப்பட்டது. ஆனாலும் இணையம் வழியாகத் திரும்ப வந்தது. உயிரிழப்புகளைத் தொடர்ந்து, 2023 அக்டோபரில் பிரிட்டன் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட விஷமாக அறிவித்தது.

கொஞ்சமாக எடுத்தால் பரவாயில்லையா?

இல்லை. எடையைக் குறைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இதற்கு முறிமருந்தும் கிடையாது. மருத்துவமனையில் உடலைக் குளிரவைத்துப் போராடுவதுதான் வழி. யாராவது இதைச் சாப்பிட்டுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

‘ஃபேட் பர்னர்’ என்று ஜிம் நண்பர் ஒரு பவுடரையோ மாத்திரையையோ நீட்டினால், முதலில் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வாங்காதீர்கள்.