ஒரு வாக்கில் தோற்ற கேள்வி

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களுக்குப் பாலாறு என்றால் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். வேலூர்க்காரர்களின் பாலாறு அல்ல இது. காவிரியில் போய் விழும் சிற்றாறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் சேலம் மாவட்டம், அந்தப் பக்கம் கர்நாடகத்தின் சாம்ராஜநகர் மாவட்டம். சிவராத்திரிக்கும் உகாதிக்கும் தீபாவளிக்கும் மலையேறும் தமிழ்நாட்டுக் கூட்டம் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. எழுபத்தேழு மலைக்கு அதிபதி என்று கம்சாளே தாளம் தட்டிப் பாடுகிறார்கள் மாதேஸ்வரரை. அந்தக் கணக்கில் மாநில எல்லை கிடையாது.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் கொள்ளேகால் தாலுகா ஆங்கிலேயர் கைக்குப் போய், கோயமுத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்த மலைக்குக் கலெக்டர் கோயமுத்தூரில்தான் இருந்தார். ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அடங்கிய மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. தாலுகாவில் கன்னடம் பேசுவோர் அதிகம் என்பதே அடிப்படை. அதே நாளில் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நமக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. எல்லைப் போராட்டம் என்றதும் திருத்தணியையும் குமரியையும் பேசுகிற நாம், மேற்கே போன இந்த மலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

கன்னடர்களிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. கன்னடம் பேசுவோர் நிறைந்த தாளவாடி தமிழ்நாட்டில் நின்றுவிட்டது. நடிகர் ராஜ்குமாரின் காஜனூர் அங்கேதான் இருக்கிறது. பர்கூர் மலையில் மாடு வளர்க்கும் லிங்காயத்துகளும் ஈரோடு மாவட்டக்காரர்கள்தான். எந்தக் கோட்டைப் போட்டாலும் யாராவது தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஆனாலும் 1956 நவம்பர் 2-ஆம் தேதி காலையில் கொள்ளேகாலில் ஒருவருடைய குடியுரிமையும் மாறியிருக்கவில்லை. பட்டா செல்லும், ஓட்டு உண்டு. கோயமுத்தூருக்குப் போய்விட்டு வீடு திரும்ப யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு போடப்பட்ட இன்னொரு கோட்டுக்கு இந்த வாரம் போகிறோம். அந்த மண்ணுக்கும் மைசூருக்கும் ரத்தத் தொடர்பு உண்டு.

1918 செப்டம்பர் 23. துருக்கிப் பேரரசின் கையில் இருந்த ஹைஃபா துறைமுகத்தை நோக்கி 15-ஆவது குதிரைப்படைப் பிரிவு நகர்ந்தது. மைசூர், ஜோத்பூர், ஹைதராபாத் சமஸ்தானங்களின் ஈட்டிக் குதிரைப்படைகள் சேர்ந்த பிரிவு அது. ஒரு பக்கம் கிஷோன் ஆற்றின் சதுப்பு, மறுபக்கம் கார்மேல் மலைச்சரிவு, மலையில் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும். மைசூர் வீரர்களில் ஒரு பகுதியினர் சரிவில் ஏறிப் பீரங்கிகளை மடக்க, ஜோத்பூர் படை ஊருக்குள் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில் மேஜர் தல்பத் சிங் உயிரிழந்தார். பிரிவில் மாண்டவர்கள் 8 பேர், காயம் பட்டவர்கள் 34 பேர், செத்த குதிரைகள் 60. பிடிபட்ட எதிரிகள் 1,350 பேர். டெல்லி தீன்மூர்த்தி சந்திப்பில் நிற்கும் மூன்று சிலைகள் இந்த மூன்று சமஸ்தானப் படைகளுக்கானவை. 2018-இல் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு வந்தபோது அந்தச் சந்திப்பின் பெயரில் ஹைஃபாவும் சேர்ந்தது.

மைசூர்க் கொடியின் கீழ் அவர்கள் சவாரி செய்த அன்று மாதேஸ்வரன் மலை மைசூரில் இல்லை என்பது இந்தத் தொடரின் வாசகர்களுக்கு இப்போது தெரியும்.

அந்த வீரர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் பிடித்துக் கொடுத்த மண் முந்தைய ஆண்டே வாக்களிக்கப்பட்டுவிட்டது. 1917 நவம்பர் 2-ஆம் தேதி பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதிய கடிதம், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தந்தது. அங்கே ஏற்கெனவே வாழும் 'யூதர் அல்லாத சமூகங்களின்' குடிசார், சமய உரிமைகளுக்குக் குந்தகம் வராது என்றும் சொன்னது. பெரும்பான்மை அரபு மக்களின் அரசியல் உரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிரிட்டிஷ் அமைச்சரவையில் இதைக் கடுமையாக எதிர்த்த ஒரே யூதர், நம் பாடப்புத்தகங்களில் வரும் இந்திய மந்திரி எட்வின் மாண்டேகு. தன் தேசம் இங்கிலாந்து. தனக்கு வேறொரு தேசத்தைக் காட்டினால் இங்கே தான் அந்நியனாகிவிடுவேன் என்பது அவர் வாதம். கடிதம் வெளியான நாட்களில் அவர் லண்டனில் இல்லை. மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்துக்காக இந்தியா வந்துகொண்டிருந்தார்.

பிறகு சர்வதேசச் சங்கத்தின் ஆணை வந்தது. சங்கத்தின் உடன்படிக்கை 22-ஆவது பிரிவு, துருக்கியிடமிருந்து பிரிந்த சில சமூகங்களைத் தற்காலிகமாகச் சுதந்திர நாடுகளாக ஏற்கலாம் என்றது. 1922-இல் பிரிட்டனுக்குத் தரப்பட்ட பாலஸ்தீன ஆணையோ பால்ஃபர் வாக்குறுதியையே தன்னுள் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் யூதர்கள் நூற்றுக்குப் பதினொருவர். இன்று இரு தரப்பு வழக்கறிஞர்களும் எடுக்கும் ஆயுதம் இங்கேதான் தீட்டப்பட்டது. அரபுத் தரப்பு 22-ஆவது பிரிவைக் காட்டும்: மக்கள் எங்களுடையவர்கள், சுயநிர்ணயம் எங்களுடையது. இஸ்ரேல் தரப்பு ஆணையைக் காட்டும்: இந்த மண்ணோடு எங்கள் வரலாற்றுத் தொடர்பை உலகமே சட்டத்தில் எழுதிக் கொடுத்தது. இரண்டு தாள்களும் உண்மையானவை. முரணான இரண்டு வாக்குறுதிகளை ஒரே கை எழுதியதுதான் சிக்கலின் வேர்.

இடையில் ஹிட்லர் வந்தான். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்களுக்குப் போக இடமில்லை. பல நாடுகள் கதவைச் சாத்தின. இதை விட்டுவிட்டுப் பாலஸ்தீனக் கதையைச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தப் பாவத்தைச் செய்தது ஐரோப்பா, விலை கொடுத்தது யாஃபாவின் அரபுக் குடும்பம் என்பதை விட்டுவிட்டுச் சொல்கிறவர்களையும்தான்.

1947-இல் பிரிட்டன் கையை விரித்தது. ஐ.நா. 11 நாடுகளின் குழுவை அனுப்பியது. இந்தியாவின் உறுப்பினர் நீதிபதி சர் அப்துர் ரஹ்மான். லாகூருக்குப் போவதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். பெரும்பான்மை உறுப்பினர்கள் இரண்டு நாடுகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் ஒரே கூட்டாட்சி அமையட்டும் என்றன. ஐன்ஸ்டைன் ஜூன் மாதம் நேருவுக்குக் கடிதம் எழுதி யூதர்களுக்காகப் பேசினார். யூதர்கள் மேல் இரக்கம் உண்டு, ஆனால் அரபுகளின் உரிமையைத் தள்ள முடியாது என்ற பொருளில் நேருவின் பதில் போனது. பாலஸ்தீனப் பிரிவினை கூடாது என்று வாதாடிய அப்துர் ரஹ்மான், இந்தியப் பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானில் நீதிபதியானார்.

ஐ.நா.வில் அரபுத் தரப்பின் சட்ட வாதத்தைத் தாங்கிப் பிடித்தவர் பாகிஸ்தானின் ஜஃபருல்லா கான். சில மாதங்களுக்கு முன்புதான் லாகூரில் எல்லை ஆணையத்தின் முன்னால் முஸ்லிம் லீக்குக்காக வாதாடியிருந்தார். இந்தியாவைப் பிரிக்கும் கோட்டுக்காக அங்கே நின்றவர், பாலஸ்தீனத்தில் கோடே கூடாது என்று இங்கே நின்றார். நேருவுக்கும் இந்த ஊசி குத்தியிருக்கும். சொந்த வீட்டில் பிரிவினையை ஏற்ற கையோடுதான் அவரும் அங்கே எதிர்த்தார்.

ஜஃபருல்லா கான் தலைமையிலான துணைக்குழு எட்டுக் கேள்விகளைத் தயாரித்து, இவற்றைச் சர்வதேச நீதிமன்றத்திடம் கேளுங்கள் என்றது. எட்டாவது கேள்விதான் உயிர்நாடி: அங்கே வாழும் மக்களின் சம்மதமில்லாமல் ஒரு நாட்டைப் பிரிக்கும் திட்டத்தைத் திணிக்கவோ, அப்படித் திணிக்கப் பரிந்துரைக்கவோ ஐ.நா.வுக்கு அதிகாரம் உண்டா? நவம்பர் 24-ஆம் தேதி வாக்கெடுப்பு. முதல் ஏழு கேள்விகள் 18-க்கு 25 என்று தோற்றன. எட்டாவது கேள்விக்கு ஆதரவு 20, எதிர்ப்பு 21.

ஒரே ஒரு வாக்கு. தீர்ப்பு எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பதில் பயனில்லை. நீதிமன்றம் 'அதிகாரம் உண்டு' என்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இஸ்ரேலின் பிறப்பு மீதான சட்டச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும். கேட்காததால் இரு தரப்பாருக்கும் நட்டம்.

ஐந்து நாள் கழித்து பொதுச்சபையில் 181-ஆவது தீர்மானம் 33-க்கு 13 என்று நிறைவேறியது. 10 நாடுகள் விலகி நின்றன. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கான யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கும் மேல். யூதத் தலைமை ஏற்றது. அரபுத் தரப்பு நிராகரித்தது. மறு மே மாதம் இஸ்ரேல் பிறந்த மறுநாள் அண்டை அரபு நாடுகளின் படைகள் உள்ளே நுழைந்தன. நாங்கள் ஒப்புக்கொண்டோம், அவர்கள் போர் தொடுத்தார்கள் என்று இஸ்ரேலியர் சொல்வது இதைத்தான். எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டைப் பங்கு வைத்தார்கள் என்று பாலஸ்தீனர் சொல்வதும் இதையேதான்.

போர் முடிந்தபோது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் அகதிகள். வீடு திரும்பி அண்டையாரோடு அமைதியாக வாழ விரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் 194-ஆவது தீர்மானம் சொன்னது. பொதுச்சபைத் தீர்மானம் பரிந்துரைதான், கட்டளை இல்லை. தவிர, திரும்பி வருகிறவர்கள் எங்களை அழிக்க வருகிறவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று இஸ்ரேல் கேட்டது. 1950-இல் அது இயற்றிய சட்டங்களில் ஒன்று, உலகின் எந்த மூலையிலுள்ள யூதரும் வந்து குடியேறலாம் என்றது. இன்னொன்று, வெளியேறிய அரபுகளின் சொத்தை அரசுக் காப்பாளரிடம் ஒப்படைத்தது. பிறகு அரபு நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான யூதர்கள் வேர் பிடுங்கப்பட்டு இஸ்ரேல் வந்தார்கள். அவர்களுடைய பட்டாவும் செல்லவில்லை.

கொள்ளேகாலையும் பாலஸ்தீனத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஒன்று ஒரு நாட்டுக்குள் நடந்த தாலுகா மாற்றம்; மற்றது ஒரு சமூகம் சிதறிய கதை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் மலையில் தொடங்கினேன். கோடு அல்ல, கோட்டோடு சேர்ந்து எது போகிறது என்பதுதான் வித்தியாசம்.

நம் நாட்டில் கோடு போடும் அதிகாரம் பற்றிய கேள்விகள் உடனுக்குடன் நீதிமன்றம் போயின. மாநில எல்லையை மாற்ற அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஒப்புதல் தேவையில்லை என்று 1959-இல் பாபுலால் பராத்தே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கசப்பான பதில், ஆனாலும் பதில். மறு ஆண்டு வங்காள எல்லையிலுள்ள பேருபாரி விவகாரத்தில், இந்திய மண்ணை அயல்நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று கருத்துரைத்தது. அதே வங்காள எல்லையில் 2015-இல் இரு நாட்டுக்கும் நடுவே தீவுகளாகக் கிடந்த 162 நிலத்துண்டுகள் கைமாறியபோது, எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விரும்புகிறாய் என்று அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டார்கள்.

பாலஸ்தீனத்தில் நீதிமன்றக் கதவு திறக்க 2004 ஆனது. 1967 போரில் இஸ்ரேல் மேற்குக் கரையையும் காஸாவையும் கிழக்கு ஜெருசலேமையும் பிடித்த சில மாதங்களில், அதன் வெளியுறவு அமைச்சகச் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார்: பிடித்த பகுதியில் சொந்த மக்களைக் குடியமர்த்துவது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்துக்கு எதிரானது. மறு ஆண்டே யெஹூதா ப்ளூம் என்ற சட்ட அறிஞர் எதிர்வாதம் வைத்தார்: அந்தப் பகுதி ஜோர்டானுக்குச் சட்டப்படி சொந்தமாகவே இருக்கவில்லை, உரிமையாளரே இல்லாத இடத்தில் ஆக்கிரமிப்பு எங்கே வந்தது? 'சர்ச்சைக்குரிய பகுதி' என்று இஸ்ரேல் இன்றும் சொல்வதன் பின்னால் இந்த வாதம் இருக்கிறது. சாமர்த்தியமான வாதம், ஆனால் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச்சுவர் சட்டவிரோதம் என்று 2004-இல் 14-க்கு 1 என்ற கணக்கில் கருத்துரைத்த சர்வதேச நீதிமன்றம், ஜெனீவா ஒப்பந்தம் அங்கே பொருந்தும் என்றது. 2024 ஜூலை 19-ஆம் தேதி, அந்தப் பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று 11-க்கு 4 என்ற கணக்கில் கருத்துரைத்தது. இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரி பெரும்பான்மையில் இருந்தார். இஸ்ரேலின் பாதுகாப்புக் கவலையை இந்தக் கருத்துரைகள் போதிய அளவு எடைபோடவில்லை என்ற குறை, மாறுபட்ட நீதிபதிகள் சிலரிடமும் உண்டு.

சட்டம் ஒரு பக்கத்தை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று 250 பேர் அளவில் பணயம் பிடித்துச் சென்றது எந்த ஆக்கிரமிப்பைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாத குற்றம். அதற்குப் பதிலாகக் காஸாவில் பல்லாயிரம் பேர் செத்ததும் ஊர்கள் தரைமட்டமானதும் அந்தக் குற்றத்தால் சட்டபூர்வமாகிவிடாது. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகுவுக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலன்டுக்கும் ஹமாஸின் முகமது தெய்ஃபுக்கும் ஒரே நாளில் பிடியாணை போட்டது.

2024 கருத்துரையைச் செயல்படுத்த, 12 மாதத்துக்குள் வெளியேறு என்று இஸ்ரேலைக் கேட்கும் தீர்மானம் அந்த ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி பொதுச்சபைக்கு வந்தது. ஆதரவு 124, எதிர்ப்பு 14. விலகி நின்ற 43 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மறு ஆண்டு செப்டம்பரில் இரு நாடுகள் தீர்வை வலியுறுத்தும் நியூயார்க் பிரகடனம் வந்தபோது ஆதரித்த 142 நாடுகளில் இந்தியா இருந்தது. 1947-இல் எந்தப் பிரிவினையை எதிர்த்து வாக்களித்ததோ, அந்தப் பிரிவினையின் பாதி நிறைவேறாமல் கிடக்கிறது என்பதற்காக வாக்களித்தது.

(தொடரும்)