சிறிய எண்களின் சாட்சியம்

கேத்திர கணித உண்மைகள் எவ்விடத்தும் எக்காலத்தும் பொருந்துவன என்று நாம் பள்ளியிற் பயின்றோம்; மாணவர்க்கும் அவ்வாறே பயிற்றுகின்றோம். ஆயின், அவ்வுண்மைகள் எவ்வகை எண்களை நிலமாகக் கொண்டு நிற்கின்றன என்று வினவுவோர் சிலரே. அவ்வினா எழுந்ததன் விளைவுகளுள் ஒன்றையே ஈண்டு நோக்குவோம்.

1830 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதினரான பிரெஞ்சு இளைஞர் எவரிஸ்த் கலுவா, முடிவுள்ள எண் தொகுதிகளை ஆராய்ந்து எழுதினார். குடியரசுக் கொள்கைக்காகச் சிறை சென்ற அவர், 1832 இல் இருபதாம் வயதில் ஒரு துவந்த யுத்தத்தில் மாண்டார். அவர் காட்டிய தொகுதிகளுள் மிக எளியது பூச்சியமும் ஒன்றும் மட்டுமே உடையது. அங்கே ஒன்றும் ஒன்றும் கூடினாற் பூச்சியம். இவ்வாறு ஒன்றை எத்தனை முறை கூட்டினாற் பூச்சியம் வருமோ, அம்முதன்மை எண்ணே அக்களத்தின் சிறப்பியல்பு எனப்படும். நாம் வழங்கும் எண்களிலோ ஒன்றை எத்துணை முறை கூட்டினும் பூச்சியம் வாராது. ஆகவே அவற்றின் சிறப்பியல்பு பூச்சியம் என்பர்.

சிறப்பியல்பு இரண்டாயின், இரண்டு என்பதே இல்லாதொழிகின்றது. கூட்டுத்தொகையின் வர்க்கத்தில் நடு உறுப்பு மறைகின்றது. பரவளைவின் தொடலிகள் யாவும் ஒன்றற்கொன்று சமாந்தரமாகின்றன. வளைந்து செல்லும் கோட்டிற்கு எங்கும் ஒரே திசைத் தொடலி!

இத்தாலியரான கஸ்தெல்நுவோவும் என்ரீக்கெசும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்சரகணித மேற்பரப்புகளை வகைப்படுத்தினர். அவர்தம் நிலம் சிக்கலெண்களே. அவர்தம் துணை கூரிய உள்ளுணர்வே. யூதர் என்ற ஒரே காரணத்தால், 1938 இன் இனச் சட்டங்கள் என்ரீக்கெசை உரோமைப் பல்கலைக்கழகத்தினின்று வெளியேற்றின.

அவர்களிடம் பயின்ற ஒஸ்கார் சரிஸ்கி 1927 இலேயே அமெரிக்கா சென்றிருந்தார். ஆசிரியர்களின் நிறுவல்களைத் தொகுத்து 1935 இல் நூலாக்குகையில், அவற்றின் அடித்தளம் போதாதெனக் கண்டு, எக்களத்திற்கும் ஏற்ற புதிய அடித்தளத்தை அட்சரகணிதத்தால் அமைக்க முற்பட்டார். அவர் மாணவர் மம்ஃபோர்டும் இத்தாலியரான பொம்பியேரியும் 1969 முதல் 1977 வரை வெளிவந்த மூன்று கட்டுரைகளில் அப்பழைய வகைப்பாட்டை மீண்டும் ஆராய்ந்தனர். பெரும்பகுதி நிலைத்தது. ஆயின் இரண்டிலும் மூன்றிலும் மட்டும் புதுமை தோன்றியது: ஒரு குடும்பத்து வளையிகள் அனைத்துமே கூர்முனை உடையனவாயிருக்கும் மேற்பரப்புகள் அங்கு உள. என்ரீக்கெசின் பெயர் தாங்கிய மேற்பரப்புகளே இரண்டில் மூன்று வகையாய்ப் பிரிந்தன.

கூர்முனை முதலிய முறிவுகளை நீக்கும் வினாவிலும் இதுவே கதை. சரிஸ்கியின் மாணவரான ஹிரோனாக்கா, சிறப்பியல்பு பூச்சியமான களங்களில் எல்லாப் பரிமாணங்களுக்கும் 1964 இல் விடை கண்டார். இந்தியரான அபயங்கர் 1966 இல் முப்பரிமாணத்திற்குக் கண்ட விடை 2, 3, 5 என்னும் மூன்று எண்களின் முன் நின்றுவிட்டது. அத்தடையைக் கொசார், பில்தான் இருவரும் 2008, 2009 ஆம் ஆண்டுகளிலேதான் நீக்கினர். முதன்மை எண் சிறப்பியல்பில் நான்கும் அதற்கு மேலுமான பரிமாணங்களுக்குப் பொது விடை இன்றும் இல்லை.

இவ்விலக்குகள் விதியை அழிக்கவில்லை. விதி எந்தப் படியிற் கால் ஊன்றி நின்றது என்பதைக் காட்டின. இரண்டால் வகுக்கலாம் என்று எவரும் எண்ணாமலே எடுத்துக்கொண்ட அச்சிறு படியை, இரண்டே இல்லாத களம் வெளிப்படுத்தியது. பெரும்பான்மைக்குப் பொருந்துவதை எல்லோர்க்கும் பொருந்துவதாகச் சாற்றும் வழக்கம் கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. "பொது" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், மிகச் சிறியதனிடத்தும் அது மெய்யாகின்றதா என்று சோதிக்க நாம் கற்றுக்கொள்வோமாக.