புள்ளி எண்ணிய வண்டு

ஆடிப்பட்டத்தில் நாற்று விட்டு, முப்பது முப்பத்தைந்து நாளில் பிடுங்கி நட்ட கத்தரித் தோட்டத்துக்குப் பூச்சிகள் வருவது, கோயில் திருவிழாவில் மண்டகப்படிக்காரர்கள் முறைவைத்து வருவது போன்றதுதான். நாற்று வேர்பிடித்துத் தலைநிமிர்வதற்குள் தத்துப்பூச்சியும் அசுவினியும் இலையின் அடிப்புறத்தில் குடியேறிச் சாறு குடிக்கத் தொடங்க, அவற்றைத் தொடர்ந்து பச்சையத்தைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும் புள்ளிவண்டும், குருத்தைத் துளைத்து நுனியை வாடித் தொங்கச் செய்து, காய் பிடித்ததும் காய்க்குள் புகுந்துகொள்ளும் புழுவும் வந்து சேருகின்றன. பூப் பருவத்து விருந்தாளி வேறு: கத்தரிப் பூவின் மகரந்தப் பைக்கு நுனியில் சிறு துவாரமே வாசலாதலால், பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து தூளை உதிர்க்கவல்ல கருவண்டு போன்றவற்றுக்கே அங்கே காரியம் பலிக்கும்.

இத்தனைக்கும் நம் குடியானவர் கையாண்ட பரிகாரம் அடுப்புச் சாம்பல். பனியீரம் உலருமுன்னே தூவினால்தான் இலையில் ஒட்டும் என்ற நுட்பமெல்லாம் எங்கள் பாட்டிக்குத் தெரியும்; காய்க்குள் இருக்கும் புழுவைச் சாம்பல் எட்டாது என்பதும் தெரியும். அதற்கு அரிவாள்மனைதான், சொத்தையை அரிந்தெறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடுவாள்.

பெயரிட்டு வகைப்படுத்தும் சாஸ்திரம் கடல் வழியாக வந்தது. லின்னேயஸின் மாணாக்கரான கோனிக் என்ற வைத்தியர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து செடிகொடிகளோடு பூச்சிகளையும் சேகரித்தார். அதே ஆசானிடம் பயின்ற டென்மார்க்குக்காரர் ஃபாப்ரிசியஸ், 1775-இல் வெளியிட்ட லத்தீன் கிரந்தத்தில், கத்தரி இலையைத் தின்னும் அந்த வண்டுக்கு அதன் முதுகிலுள்ள 28 புள்ளிகளையே பெயராக்கினார். பிறகு, சைதாப்பேட்டையிலிருந்து கோயமுத்தூருக்கு மாறிய விவசாயக் கல்லூரியைச் சார்ந்து இவ்வாராய்ச்சி வளர்ந்தது. 1914-இல் பிளெட்சரும், 1940-இல் டி. வி. ராமகிருஷ்ண ஐயரும் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சி நூல்களில் நம் தோட்டத்துப் பிராணிகள் ஒழுங்காக இடம் பெற்றன. ஆனால் அவை ஆங்கிலத்தில் இருந்தபடியால் தோட்டக்காரன் வரைக்கும் வரவில்லை.

வராததால் நேர்ந்த நஷ்டம் சாமானியமன்று. இலை தின்னும் புள்ளிவண்டுக்கு அசுவினியைத் தின்னும் பொறிவண்டு நெருங்கிய பங்காளி. முன்னதன் முதுகு மெல்லிய மயிரால் மங்கியிருக்கும், பின்னது எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் என்ற ஒரு பேதத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். காப்பிச் செடியின் செதிற்பூச்சியை ஒழிக்கவென்று 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டு கப்பலேறி வந்த தேசத்தில், கத்தரிப் பாத்தியில் சம்பளமின்றி உழைத்த சொந்தப் பொறிவண்டைச் சீந்துவாரில்லை!

இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குப் பின் டி.டி.டி. வந்தது. அதன் பூச்சிகொல்லும் சக்தியை 1939-இல் கண்டறிந்த முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாக் கொசுவை அடக்கிய அந்தப் பொடிக்குத் தோட்டத்தில் புள்ளி எண்ணும் பொறுமை இல்லை. பங்காளிகள் இருவரும் சேர்ந்தே மடிந்தனர்; தங்களைத் தின்பவை தொலைந்ததும், அப்பொடிக்கு அசையாத செஞ்சிலந்திகள் செழித்துப் பெருகின. 1989-இல் விவசாயத்துக்கு டி.டி.டி. கூடாதென்று அரசு தடுத்தது. அதுவரை எத்தனை முறை தெளித்தும், காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை அதுவும் எட்டவில்லை. அரிவாள்மனைக்கு வேலை இருந்துகொண்டேதான் இருந்தது.